சீர்த்தட்டுல என்ற அண்ணன்

கையச் சித்த அக்கட்டால நகத்திக்கோ கண்ணு. பெட்டி மேல பட்டுச்சுன்னா உள்ள ஒரு குடும்பமே குப்புற விழுந்து கெடக்கும். பயப்படாத, பொம்மைங்கதான். நீ தாராபுரமா? நானும் அங்கதான். அப்பச் சாவகாசமாப் பேசிக்கிட்டுப் போலாம். காதுல மாட்டியிருக்கறதக் கழட்டிக்கோ, பாட்டு எங்கயும் ஓடிப் போயிராது.

இப்பப் பாத்தியல்ல, அந்தக் கண்டக்டரு என்ன கேட்டான்னு? இந்தப் பெட்டிக்கு லக்கேஜ் போடோணுமாம். மடியில வெச்சிருக்கறதுக்கு லக்கேஜுன்னா இந்தப் பஸ்ஸுல பாதிப் பேரு வயித்துக்கும் போடோணும் தம்பின்னேன். முன்சீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு. நான் அவரச் சொல்லல. ஆனா அவருக்கு யாரச் சொன்னேன்னு தெரிஞ்சிருக்குது.

எனக்குச் சீர்த்தட்டுத் தொழிலு. திருப்பூர்ல சாந்தாமணி தட்டுன்னா மண்டபக்காரங்களுக்குத் தெரியும். முன்னயெல்லாம் தட்டுல தேங்கா பழம், ஒரு பட்டுச்சீலை வெச்சாச் சோலி முடிஞ்சுது. இப்ப அப்படியா? ஒவ்வொரு தட்டுலயும் ஒரு கூத்து நடக்கோணும். ஒண்ணுல பொண்ணும் மாப்பளையும் மாலை மாத்தோணும், ஒண்ணுல மாட்டு வண்டி போகோணும், ஒண்ணுல சம்பந்திக கட்டிப் புடிச்சுக்கோணும். நெசத்துல கட்டிப் புடிக்கறாங்களோ இல்லியோ, தட்டுல புடிக்கோணும்.

மத்தவங்க என்ன பண்றாங்க? கடையில விக்கற பொம்மைய வாங்கிச் சீலையச் சுத்தி நிக்க வெச்சுடறாங்க. அந்தப் பொம்மைகளப் பாத்திருக்கியா? அத்தனையும் வெள்ளக்காரிக. கிளி மூக்கு. இடுப்பு இருக்குதா இல்லியான்னே தெரியாது. நம்ம ஊட்டுப் பொண்ண அதுல எங்கன்னு தேடறது? நான் அப்படி விடமாட்டேன். போட்டோ வாங்கிக்குவேன். முன்னால ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. அப்பறம் மெஷின எடுத்து உக்காந்தன்னா ஆளு வந்துரும். பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கும்.

மெஷினா? பேனாவாட்டம் புடிச்சுக்கற குட்டி மெஷினு. ரோட்டரி டூலும்பாங்க. இதோ, கைப்பையிலயே இருக்குது பாரு, சார்ஜ் போடறது. முனையில கல்லு மாட்டிக்கலாம், அறுக்கற சில்லு மாட்டிக்கலாம், உப்புத்தாள் உருளை மாட்டிக்கலாம். சத்தம் மட்டும் பல் டாக்டரு ரூம்புச் சத்தம். என்ற ஊட்டுக்காரரு டிவி ஸ்டாண்டுக்கு ஓட்டை போடறேன்னு வாங்குனாரு. ஓட்டை போட்டாரு, டிவி கீழ வந்துச்சு. அத்தோட விட்டாரா? கால் ஆணியத் தேய்க்கறேன்னு அதையே எடுத்துக் கால்ல வெச்சாரு. கத்துன கத்துல எதுத்த ஊட்டுப் பொம்பள வெளக்குமாத்தோட ஓடி வந்துட்டா, திருடன்னு நெனச்சுக்கிட்டு. அன்னைக்கே பறிமுதல் பண்ணீட்டேன்.

பிளாஸ்டிக்க அறுக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்குது கண்ணு. வேகமா ஓட்டுனா அறுபடாது, உருகிக் கல்லுல ஒட்டிக்கும். வேகத்தக் கொறச்சு, தொட்டுத் தொட்டு எடுக்கோணும். தேய்க்கறதுக்கு மெஷினு, அப்பறதுக்குப் பைப் அடைக்கற மாவு. மூக்கத் தேய்ச்சு, தாடையத் தேய்ச்சு, வயித்துக்குக் கொஞ்சம் மாவ அப்பி, காஞ்சதும் மறுக்காத் தேய்ச்சா அச்சு அசல் அவங்களேதான். ஒரு கல்யாணத்துல மாப்பளைக்கு ஒரு காது பெருசு. அப்படியே வெச்சேன். பொண்ணூட்டுக்காரங்க பொம்மையப் பாத்துட்டு மாப்பளையப் பாக்கறாங்க, மாப்பளையப் பாத்துட்டுப் பொம்மையப் பாக்கறாங்க. அப்பத்தான் கவனிச்சாங்களாம்! எங்கிட்டச் சண்டைக்கு வந்தாங்க. காதப் பாக்காம நிச்சயம் பண்ணுனது நானா?

செரி, அது கெடக்குது. என்ற வயித்தெரிச்சலக் கேளு.

என்ற அண்ணன் எங்கூடப் பேசறதில்ல. குழந்தைவேலுன்னு பேரு, தாராபுரத்துல உரக்கடை வெச்சிருக்கறான். கூடப்பொறந்தது அவன் ஒருத்தன்தான். அவன் மக தாரணி கல்யாணத்தன்னைக்கு நின்ன பேச்சு, இன்னி வரைக்கும் நின்னதுதான். இப்பத் தாரணிக்கு ஏழாம் மாசம். இன்னைக்குக் கட்டுச்சோறு. பொண்ணூட்டுல இருந்து சோறாக்கி, கட்டிக்கிட்டு வேன் ஏறிப் போயி, மாப்பள ஊட்ல எல்லாத்துக்கும் பந்தி போட்டுட்டு, புள்ளையப் பெரசவத்துக்குக் கூட்டியாரோணும். அதுக்கு அத்தைகாரிய எப்படிக் கூப்புடோணும்? அண்ணன் நேர்ல வந்து, வெத்தலபாக்கு வெச்சு, "வந்துரு அம்மிணி"ன்னு கூப்புடோணும். என்ன வந்துச்சு தெரியுமா? அண்ணி போன்ல இருந்து ஒரு படம் வந்துச்சு. பூப் போட்ட படம். அனைவரும் வருக. அந்த அனைவர்ல பாலு ஊத்தறவன்கூட இருக்கறான் கண்ணு.

என்ற ஊட்டுக்காரரு போகாதங்கறாரு. மானம் போச்சுங்கறாரு. டிவியப் போட்டு ஒடச்சப்பப் போகாத மானம்! நான் கெளம்பிட்டேன். அண்ணன் ஊட்டு வாசல்ல போயி நிப்பேன். அவன் "வா அம்மிணி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா எல்லாரோடயும் ஒட்டுக்கா வேன்ல ஏறிக்குவேன். சொல்லலீன்னா இந்தப் பெட்டிய அங்கயே வெச்சுட்டுத் திரும்பிக்குவேன், அதுக்கப்பறம் அந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டேன். இந்த ஒத்த வார்த்தைக்குத்தான் கண்ணு ராப்பகலா உக்காந்து தேய்ச்சிருக்கறேன்.

என்ன பண்ணுனேன்னு கேக்கற. நல்லது பண்ணுனேன்!

தாரணி கல்யாணத்துக்குத் தட்டு என்ற பொறுப்பு. அண்ணன் மகளுக்கு நான் ஏனோதானோன்னு பண்ணுவனா? மண்டப வாசல்ல பொண்ணூட்டுக்காரங்க நின்னு மாப்பளை ஊட்டுக்காரங்கள வரவேக்கறாப்புல ஒரு பெரிய தட்டு. பந்தல், வாழமரம், கார்ல இருந்து எறங்கற மாப்பள, எல்லாமே. காரு கடையில வாங்குனது, அதோட மேக்கூரைய அறுத்தெடுத்துட்டேன், மாப்பள தெரியோணுமல்ல. சம்பந்தி ரத்தினசாமின்னு, நெல்லு மில்லுக்காரரு. நிச்சயத்தப்பவே அவரு தலைய நான் கவனிச்சுட்டேன். அது டோப்பா கண்ணு. முடி ஒரு தெசையில போகுது, மண்டை ஒரு தெசையில திரும்புது. நான் தொழில்காரி, எனக்குத் தெரியாதா? பொம்மை மண்டைய மொழுமொழுன்னு தேய்ச்சுட்டு, முடியத் தனியாப் பண்ணி மேல கவுத்தி வெச்சேன். ஒட்டல. நெசத்துல எப்படியோ அப்படி.

வேணும்னே பண்ணலீங்கறேன். நெசம் எப்படியோ அப்படி வெக்கறதுதான என்ற தொழிலு?

தட்டெல்லாம் மேளத்தோட உள்ள போச்சு. மணவறைக்கு முன்னால வரிசையா வெச்சாங்க. சனமெல்லாம் என்ற தட்டு மேலதான் விழுகுது. மாப்பள சைடுல ஒரு வாண்டு கைய நீட்டி ரத்தினசாமி முடியத் தூக்கிருச்சு. தூக்கி, தாத்தான்னு சத்தம் போடுது. மேளக்காரன்கூட அடிக்கறத நிறுத்திட்டான். அந்த மனுசன் வந்து பொம்மையப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. அப்பறம் என்ன பண்ணுனாரு தெரியுமா? தலைல இருந்த டோப்பாவக் கழட்டி விசிறிக்கிட்டாரு! "அப்பாடா, வேர்த்துக் கொட்டுதுங்கம்மிணி, இத்தன வருசமா இதக் கழட்ட ஒரு சாக்கு கெடைக்கல"ன்னாரு. மண்டபமே சிரிச்சுது. தாரணிகூட மணவறையில உக்காந்துக்கிட்டுப் பூமாலைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சா. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பொம்மை அவரு மில்லு ஆபீஸுல கண்ணாடிப் பொட்டிக்குள்ள நிக்குது. அவரும் மொட்டத் தலையோடதான் திரியறாரு.

சம்பந்தியே சிரிச்சுட்டாரு. அப்ப என்ற அண்ணனுக்கு என்ன வந்துச்சு? அதுதான் இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கல.

அவனும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். பக்கத்துல வந்து தட்டப் பாத்தான். அதுல இருந்த தன்ற பொம்மைய எடுத்தான். கண்ணு, அந்தத் தட்டுலயே எனக்குப் பிடிச்ச பொம்மை அதுதான். மாப்பள பொம்மைக்குக்கூட அவ்வளவு மெனக்கெடல. எதுக்குன்னா, சம்பந்தம் பேசுன நாள்ல இருந்து அவன நான் பாத்துக்கிட்டே இருக்கறேன். மில்லுக்காரங்க ஊட்ல இருந்து போன் வந்தா எந்திரிச்சு நின்னுக்குவான். போன்ல கண்ணு! எதுத்தாப்புல ஆளே இல்ல, இவன் கையால வாயப் பொத்திக்கிட்டு, கொஞ்சம் குனிஞ்சு, செரிங்க, செரிங்கன்னு தலையாட்டறான். சம்பந்தியம்மா மண்டபம் மாத்தோணும்பாங்க, செரிங்கம்பான். பந்தியில ஐஸ்கிரீம் ரெண்டு தினுசு வேணும்பாங்க, அதுக்கும் ஒரு குனி. நான் அதையெல்லாம் மனசுல வாங்கிக்கிட்டேன். நேரா நிக்கற பொம்மைய எடுத்து, இடுப்புல முன்பக்கமா ஒரு வெட்டு விட்டு, கீத்தாட்டம் ஒரு துண்ட எடுத்துட்டு, மடக்கி ஒட்டுனேன். தோள ரெண்டு பக்கமும் தேய்ச்சு எறக்குனேன். பின்கழுத்துப் பொடனியில கொஞ்சம் மாவு. கை ரெண்டையும் கூப்பிக்கிட்டு நிக்கறான், கண்ணு கீழ பாக்குது. அடடா, எப்படி வந்துச்சுங்கற!

அவன் அதக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "நான் இப்புடியா அம்மிணி நிக்கறேன்?"ன்னு கேட்டான். எனக்குப் பெருமை தாங்கல. "அச்சு அசல் நீயேதாண்ணா!"ன்னேன்.

அவன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து அதச் சுத்தி, வேட்டி மடிப்புல வெச்சுக்கிட்டான். அவ்வளவுதான். பந்தியில என்ற எலைக்கு எதுத்தாப்புல வந்து நின்னு எல்லாத்தையும் விசாரிச்சான், என்ன மட்டும் விசாரிக்கல. மறுவீட்டுக்குக் கூப்புடல. போன் போட்டா அண்ணிதான் எடுக்கறா. அவன் கடையில இருக்கறான், அவன் குளிக்கறான், அவன் தூங்கறான். மாசக்கணக்காக் குளிக்கறான் கண்ணு.

யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். மொதல்ல அண்ணி வேலைன்னு நெனச்சேன். அவ பொம்மைக்கு வாயத் தொறந்தாப்புல வெச்சிருந்தேன், மூடி வெச்சா யாருக்கு அடையாளம் தெரியும்? அதுல அவளுக்குக் கோவம் இருக்கலாம். அப்பறம் டோப்பா விசயமாத்தான் இருக்கோணும்னு முடிவு பண்ணுனேன். சம்பந்தி வெளிய சிரிச்சுட்டு உள்ளுக்குள்ள ஏதாச்சும் சொல்லியிருப்பாரு, இவன் அதுக்கும் குனிஞ்சிருப்பான். வேற என்ன இருக்குது? என்ற பொம்மையில ஒரு கொறை சொல்லு பாக்கலாம்.

அதுக்குத்தான் இப்பப் பரிகாரம் பண்ணிக் கொண்டு போறேன். கட்டுச்சோத்துக்குப் புதுத் தட்டு. ரத்தினசாமிக்கு மரியாதையா, அடர்த்தியா, முடிய ஒட்டியே வெச்சுட்டேன். இந்தவாட்டி எந்த வாண்டு இழுத்தாலும் வராது. ஆமா, இப்ப அவரு மொட்டைதான். அதுக்கென்ன, மரியாதைன்னு ஒண்ணு இல்லியா?

மெதுவாப் போ தம்பீ! டிரைவரத்தான் சொல்றேன். ரோட்டுல குழி எங்க இருக்குதுன்னு தேடித் தேடி எறக்கறான் கண்ணு.

எனக்கு வேற ஒண்ணும் வேண்டா. அவன் கல்யாணத்துல இணைச்சீர் செஞ்சவ நான். தங்கச்சி பக்கத்துல நின்னு அந்தச் சீரு முடிச்சாத்தான் எங்கள்ல மாப்பள மணவறைக்கே போக முடியும். அப்பேர்ப்பட்டவளுக்குப் பூப் போட்ட படத்த அனுப்பறான். அழுகையா வருது. செரி விடு, அழுதா முன்சீட்டுக்காரரு சந்தோசப்படுவாரு.

பாக்கோணுமா? பாரு பாரு, அதுக்குத்தான பண்றது. குண்டடம் வந்துருச்சு, இங்க வண்டி சித்த நேரம் நிக்கும், டீக் குடிக்க எறங்குவானுக. மூடியப் புடிச்சுக்கோ. இது தாரணி, நாக்காலியில உக்காந்திருக்கறா. வயித்தப் பாரு, எப்படி ரவுண்டு எடுத்திருக்கறேன். இது சம்பந்தியம்மா, கொண்டையோட. இது ரத்தினசாமி. இது அண்ணி, வாயி இருக்குது பாரு. சோத்துக் குண்டான் அத்தனையும் பாட்டில் மூடிய அறுத்துப் பண்ணுனது. ஓரத்துல நிக்கறது என்ற அண்ணன். பழச அவன் எடுத்துட்டுப் போயிட்டானல்ல, புதுசாப் பண்ணுனேன். போனத விட இது இன்னும் நல்லா வந்திருக்குது.

என்ன கேட்ட?

முதுகுல ஏதாச்சும் சீக்கான்னா? என்ற அண்ணனுக்கா? நல்லாக் கேட்ட போ. கபடி ஆடுனவன் கண்ணு அவன். நடந்து வந்தா நெஞ்சு முன்னால வரும், ஆளு பின்னால வருவான். அவன் கல்யாணத்தன்னைக்கு நெத்தியில பொட்டு வெக்க எனக்கு எட்டல. கொஞ்சம் குனியண்ணான்னு கெஞ்சறேன், மாட்டேன்னுட்டான். "நீ வேணும்னா ஏறி நில்லு"ங்கறான். முக்காலி போட்டு ஏறித்தான் வெச்சேன். பொட்டு கோணலாப் போயி, போட்டோவுல எல்லாம் கோணப் பொட்டோடதான் இருக்கறான். அந்த நெட்டைக்கு முதுகுல சீக்கா...

இரு. அத இப்படிக் குடு.

அட, ஆமா. ரொம்பத்தான் குனிஞ்சிருக்கறான்.

வெயிலு கண்ணு. உன்ற சைடு ஜன்னல்ல இருந்து வெயிலு நேரா மேல அடிச்சுது பாரு. பிளாஸ்டிக்கு சூட்டுக்கு வளைஞ்சு போச்சு. ஊட்ல இருந்து எடுத்து வெக்கறப்ப நேராத்தான் நின்னான்.

நானே அறுத்து மடக்குனேன்னு சொன்னனா? அது போன பொம்மை. அதப் பத்தி இப்ப எதுக்கு? அதுவும்... அன்னைக்கு மண்டபத்துலயும் சூடுதான். காத்தாடியே ஓடல. சம்பந்தியே டோப்பாவக் கழட்டி விசிறுனாருன்னு சொன்னனல்ல. அந்தச் சூட்டுல வளையாம என்ன பண்ணும்?

நான் இப்புடியா அம்மிணி நிக்கறேன்னு கேட்டான் கண்ணு. அவ்வளவு மெதுவாக் கேட்டான். மேளச் சத்தத்துல எனக்கு அப்பச் செரியா...

செரி, பேசிக்கிட்டு இருக்க நேரமில்ல. அந்தக் கைப்பைய எடு. மெஷின எடு. முனையில கல்லு இருக்குது, அதக் கழட்டிட்டு, டப்பாவுல மெல்லிசாக் காசாட்டம் ஒரு சில்லு இருக்கும் பாரு, அத எடு. ஒட்டற பசை இருக்குது. நிமித்துனா இடுப்புல முன்னால வாய் பொளந்துக்கும், அதுல வெக்கறதுக்கு ஒரு துண்டு வேணுமே... உன்ற தலையில இருக்கற கிளிப்பு பிளாஸ்டிக்குதான? குடு. தாராபுரத்துல எறங்குனதும் நல்லதா வாங்கித் தாரேன். வேட்டி கட்டிட்டா வெட்டு தெரியாது. கையவும் பிரிச்சு விட்டுறலாம், எத்தன நேரந்தான் கும்பிட்டுக்கிட்டே நிப்பான்.

எல்லாரும் ஏன் இப்படிப் பாக்கறீங்க? பல்லப் புடுங்கல, பொம்மையத்தான் அறுக்கறேன். சத்தம் புடிக்கலீன்னா எறங்கி டீக் குடிச்சுட்டு வாங்க. டிரைவர் தம்பீ, ரெண்டே நிமிசம், வண்டிய எடுத்துறாத சாமி!

வா கண்ணு, நீ இந்தப் பக்கம் வந்து புடி. காலு ரெண்டையும் ஒரு கையில, தோள ஒரு கையில. தூளு பறக்கும், மூஞ்சிய மட்டும் அக்கட்டாலத் திருப்பிக்கோ. கைய நடுக்காத. என்ற அண்ணன் அது.